மறியலில் என் வீட்டுக்காரர்

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் நானும் என் கணவரும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய ஆரம்பித்தோம். பழவேற்காடு ஏரிக்கரையில் எனக்குக் கிடைத்த ரயில் பாதை வேலைதான் அதற்குக் காரணம்.

இதைச் சொன்னால் சிலர் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. நான் சிவில் இன்ஜினியர். பாலமோ சாலையோ எங்கே கட்டுகிறார்களோ அங்கே போய்த் தகர ஷெட்டில் தங்குகிற பிழைப்பு. அவர் பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி பஸ்ஸில் போகும், மீதி லாட்ஜில் போகும். மகள் திருச்சியில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் இருவரும் அங்கே போய்ச் சேருவோம். "நீ முதல்ல குளி", "இல்ல, நீங்க குளிங்க" என்று விருந்தாளிகளைப் போலப் பேசிக்கொள்வோம். பண்டிகை முடிந்ததும் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அவருடைய கம்பெனி ஒரு நாள் அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டது. மகளும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அதே சமயத்தில்தான் புறநகர் ரயில் பாதையைப் பொன்னேரியிலிருந்து ஏரி வரைக்கும் நீட்டிக்கிற வேலைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். நான் வேலை பார்த்தது அந்த ஒப்பந்தத்தை எடுத்த தனியார் கம்பெனியில். போனில் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில், "நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு சமைக்கத் தெரியாதே" என்றார்.

"எனக்கும்தான் தெரியாது."

"சரி, வரேன்" என்றார்.

நெடுஞ்சாலைக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த ஒரு மீனவக் குப்பத்தில் மாடி போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மா. என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் விடியும் முன்பே ஏரியில் வலை எடுக்கப் போய்விடுவார். படகு கரைக்கு வந்ததும் இவள் இறாலையும் மடவை மீனையும் அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு, சாலைக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாள். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அதுதான் வேலை. நாங்கள் குடிபோன மறுநாள் காலை, என் கணவர் பாலைப் பொங்க விட்டு அடுப்பை அணைத்ததைத் தீய்ந்த வாசனையிலேயே தெரிந்துகொண்டு படியேறி வந்தாள்.

"இன்னா எம்மா, ரெண்டு பேரும் இத்தினி வருசம் இன்னாதான் துன்னீங்கோ?" என்று கேட்டாள். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பாதை என்றால் எல்லோருக்கும் தண்டவாளம்தான் ஞாபகம் வரும். அது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் மின்கம்பங்களை நகர்த்த வேண்டும். குடிநீர்க் குழாயைத் தோண்டி எடுத்து வேறு பக்கம் பதிக்க வேண்டும். காட்டூர்ப் பக்கத்து நெல் வயல்காரர்கள் வந்து, எங்கள் வாய்க்கால் இந்த மண்மேட்டுக்கு அடியில் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். அவர்களை உட்கார வைத்து வரைபடத்தைக் காட்ட வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் களிமண், அதற்குக் கீழே தண்ணீர். லாரி லாரியாக கிராவல் மண் கொண்டுவந்து கொட்டி, ரோலர் விட்டு அமுக்கி, மேடு எழுப்ப வேண்டும். இத்தனையும் நெடுஞ்சாலையை மூடாமல் செய்ய வேண்டும். பஸ், ஷேர் ஆட்டோ, ஐஸ் லாரி, பள்ளிக்கூட வேன், ஞாயிற்றுக்கிழமையானால் படகுச் சவாரிக்கு வரும் கார்கள் என்று எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். படுத்திருக்கிற ஆளை எழுப்பாமல் அடியில் இருக்கிற பாயை மாற்றுகிற வேலை அது.

அதனால் நான் விடிந்ததும் போய் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன். பகல் முழுவதும் குப்பம் அவர் கையில் இருந்தது.

மீனவர் குப்பத்தில் பெயின்ட் விற்றவருக்கு வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. ஒரு நாள் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மனசு கேட்காமல், "ஈரம் காயறதுக்கு முன்ன அடிச்சா அடுத்த மாசமே செதில் செதிலா வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். யார் இந்த ஆள் என்று கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டை முழுக்க பச்சை வர்ணம். முகத்தில் நான் பார்த்தேயிராத ஒரு தெளிவு. மகள் பிறந்தபோதுகூட அவர் அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நாளில் அவர் நண்டு சமைக்கக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கார அம்மா கீழே இருந்தபடியே சொல்வாள், இவர் மாடியில் செய்வார். "அண்ணா, ஓட்ட ஒடச்சியா?" என்று அவள் கத்துவதும் "ஒடச்சாச்சு" என்று இவர் பதில் சொல்வதும் தெரு முழுக்கக் கேட்கும். முதலில் சார் என்று கூப்பிட்டவள் எந்த வாரத்தில் அண்ணாவுக்கு மாறினாள் என்று தெரியவில்லை. நான் மட்டும் கடைசி வரைக்கும் சில நாள் எம்மா, சில நாள் மேடம். சாலையில் தூசி குறைவாக இருந்த நாட்களில் எம்மா.

தூசிதான் முதல் புகார். எங்கள் டிப்பர் லாரிகள் கிளப்பிய செம்மண் தூசி, சாலையோரம் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் படிந்தது. அதைச் சொல்ல அவர்கள் என் சைட் ஆபீசுக்கு வரவில்லை. என் வீட்டுக்கு வந்தார்கள். அதுவும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து. ராத்திரி சாப்பிடும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"காலைல ரெண்டு தடவ தண்ணி லாரி விட்டா தூசி அடங்கிடுமாமே?"

"யார் சொன்னா?"

"நான்தான் சொன்னேன். நாளைலேருந்து விடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"நீங்க யாரு சொல்றதுக்கு?"

"கேட்டாங்க. இல்லன்னு சொல்ல முடியல."

நான் தண்ணி லாரி விட்டேன். அடுத்து, ரோலர் ஓடிய அதிர்வில் ஒரு வீட்டுச் சுவரில் விரிசல். அதற்கும் அவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்து, லாரிச் சக்கரத்தில் அகப்பட்ட ஒரு கோழி. என் சைட்டில் மக்கள் குறைகளைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரி இருந்தார். அவர் மேஜையில் ஒரு புகாரும் வராததால், வேலை ரொம்ப சுமுகமாகப் போகிறது என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரும். அதே சமயம் ராத்திரி அவர் சொல்லும் கதைகளைக் கேட்க ஆசையாகவும் இருக்கும். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருடைய வலையை யாருடைய படகு கிழித்துவிட்டது, தெலுங்கு பேசுகிற சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த மருமகள் தன் அப்பாவை நைனா என்று கூப்பிடும்போது எப்படி இழுத்துக் கூப்பிடுகிறாள் என்றெல்லாம் சொல்வார். பேசத் தெரிந்த மனுஷன். இருபது வருஷம் கடைக்காரர்களிடம் பேசிப் பேசி வந்த பேச்சு அது. எனக்குக் கிடைக்காமல் போன அத்தனையும் இப்போது தட்டில் விழுவது போல இருந்தது.

பிரச்சினை வந்தது குப்பத்துச் சந்து நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடத்தில். அங்கே ரயில் மேட்டுக்கு ஒரு தாங்கு சுவரும் அதன் அடியில் மழைநீர் போக ஒரு கால்வாயும் கட்ட வேண்டும். அதற்கு ஆழமாகத் தோண்ட வேண்டும், பெரிய கிரேன் நிற்க வேண்டும். அதனால் சந்தின் வாயை மூடியாக வேண்டும். பாதி பாதியாகக் கட்டலாம் என்று ஒரு யோசனை ஆரம்பத்தில் இருந்தது. அப்படிச் செய்தால் ஐப்பசி மழைக்குள் முடியாது என்று அதைக் கைவிட்டிருந்தோம். மூடினால் குப்பத்து ஜனங்கள் வடக்கே இருந்த வாய்க்கால் பாலம் வரை சுற்றிக்கொண்டு போய்ச் சாலையில் ஏற வேண்டும்.

வீட்டுக்கார அம்மா ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்தாள். அவர் அப்போது கடைக்குப் போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரோட்டாண்ட வழிய மூடப் போறீங்கோன்னு சொல்றாங்களே, நெசமா?"

"ஆமா. மழைக்கு முன்னாடி அந்தச் சுவர் முடியணும்."

"பாலத்தாண்ட சுத்திகினு போனா ஐஸு கரைஞ்சிடும் எம்மா. நாங்க போய் எறங்கறதுக்குள்ள மார்க்கெட்ல வாங்கறவன் வாங்கிகினு பூட்டிருப்பான்."

"கொஞ்ச நாளைக்குத்தான். வேற வழி இல்ல."

காயப்போட்டிருந்த என் துணிகள் இரண்டு காற்றில் விழுந்து கிடந்தன. அவற்றை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று ராத்திரி அவரிடம், "இந்த ஒரு விஷயத்துல மட்டும் தலையிடாதீங்க" என்று சொன்னேன். "சரி" என்றார். தலையிட மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

தடுப்பு வைத்து மூடினோம். ஒரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பாலத்தைச் சுற்றி நடந்து போவதை சைட்டிலிருந்து பார்த்தேன். மேலே வெயில், கூடையிலிருந்து கழுத்தில் ஒழுகும் ஐஸ் தண்ணீர். பார்க்காமல் இருப்பதற்கு நிறைய வேலை இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை, நான் பொன்னேரிப் பக்கம் ஒரு சின்னப் பாலத்துக்கு கான்கிரீட் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். போலீஸ் இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"மேடம், உங்க தடுப்பு முன்னாடி லேடீஸெல்லாம் ரோட்ல உக்காந்துட்டாங்க. பஸ்ஸு, உங்க லாரி எல்லாம் ரெண்டு பக்கமும் நிக்குது. நீங்க வந்து பேசினாத்தான் எழுந்திருப்போம்னு சொல்றாங்க."

ஜீப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு, நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே நடந்துதான் போக முடிந்தது. என் கூட ஃபோர்மேன் வந்தார். கூட்டத்தை நெருங்கியதும் அவர் நின்றுவிட்டார்.

"மேடம்" என்றார். "அங்க, சார்..."

இரண்டாவது வரிசையில், வீட்டுக்கார அம்மாவுக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் என் கணவர். வெயிலுக்குத் தலையில் துண்டு. முன்னால் ஒரு மீன் கூடை. அது யாருடையதோ, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண்.

எனக்குக் காது சூடானது. ஃபோர்மேன் எங்கேயோ பார்த்தார். லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எங்கள் வீட்டில் டீ குடித்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டருக்கு அவரைத் தெரியாது. "நீங்க யாரு சார், தூண்டி விடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தூண்டல்லாம் இல்ல சார். நான் இந்தத் தெருவுல குடியிருக்கேன்."

"இன்னா வேல பாக்கறீங்க?"

"இப்போ ஒண்ணும் இல்ல. என் சம்சாரம்தான் வேலை பாக்கறாங்க."

"எங்க?"

அவர் என்னைக் கைகாட்டினார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நீங்களே பேசிக்கோங்க" என்று தள்ளி நின்றுகொண்டார்.

என் கணவரைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியாததால் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்துப் பேசினேன். நின்றுகொண்டு பேசினேன். அவள் தலையை அண்ணாந்து பதில் சொன்னாள். வெயில் அவள் கண்ணில் அடித்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசினாள். அது சரியாகப் படவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்கு எதிரில் தாரில் உட்கார்ந்தேன். சுட்டது.

"உன் சொவத்த கட்டாதன்னு நாங்க சொல்லல" என்றாள். "ரயிலு வந்தா எங்களுக்குத்தான் நல்லது. அது வர்ற வரிக்கும் நாங்க பொழைக்கணுமா இல்லியா?"

"பொழைக்கணும்."

"அப்ப வழிய உடு."

மழை, கெடு, கிரேன் என்று என்னிடம் இருந்தவை எல்லாம் என்னுடைய நியாயங்கள். பாதி பாதியாகக் கட்டுவது முடியாத காரியம் இல்லை. கிரேனை இரண்டு தரம் கொண்டுவர வேண்டும், மழைக்கு நடுவில் மாட்டிக்கொள்வோம், மேலே இருப்பவர்களிடம் நான் திட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்தபடி தார்மேல் படிந்திருந்த செம்மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். தெற்குப் பாதியை முதலில் தோண்டுகிறோம். வடக்குப் பாதி வழியாக நீங்கள் போகலாம். இரும்புத் தகடு போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தருகிறோம். படகு கரைக்கு வந்து நீங்கள் ஆட்டோ ஏறும் வரை கிரேன் ஓடாது. அதற்குப் பதிலாக, மத்தியானத்துக்கு மேல் எங்கள் லாரிகளை யாரும் நிறுத்தக் கூடாது.

அவள் பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண், "கைப்புடி ஒசரமா வெக்காதீங்கோ, கூடை இடிக்கும்" என்றாள். இன்னொருத்தி, தகடு வழுக்கினால் என்ன செய்வது என்று கேட்டாள். சொரசொரப்பான தகடு போடுகிறேன் என்றேன். இப்படியே அரைமணி நேரம் பேசினோம். என் கணவர் பக்கம் நான் திரும்பவில்லை. எல்லோரும் எழுந்தபோது அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கார அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

தலைமை அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். "மழைக்குள்ள முடியலன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். "நான்தான் சார்" என்றேன். அந்த முறை எனக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. சோறு, மடவைக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"எல்லார் முன்னாலயும் எனக்கு எதிரா போய் உக்காந்தீங்களே."

"உனக்கு எதிரா உக்காரல. அவங்க கூட உக்காந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல" என்றார். "காலைல அந்தம்மா வந்து படிக்குக் கீழ நின்னு, அண்ணா நாங்க மறியலுக்குப் போறோம், நீயும் வான்னு கூப்பிட்டாங்க. கம்பெனிய மூடின நாள்லேருந்து என்ன யாரும் எதுக்கும் கூப்பிடல. அதுக்கு முன்னாலயும் கூப்பிடல, அனுப்பினாங்க. அங்க போ, இங்க போன்னு. நீ ஒருத்திதான் வர்றீங்களான்னு கேட்ட. ரெண்டாவதா அவங்க கேட்டாங்க. எப்படி வரலன்னு சொல்றது?"

நான் பேச்சுவாக்கில் கேட்ட ஒரு கேள்வியை அவர் இத்தனை நாள் அப்படி வைத்திருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது போகக் கொஞ்ச நாள் ஆனது. ஆனால் அன்று பாத்திரத்தை நான் கழுவினேன், அவர் துடைத்து வைத்தார். சமையலறை சின்னது. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டே வேலை செய்தோம்.

மழை சீக்கிரமே வந்தது. வடக்குப் பாதி முடியாமல் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பம்பு வைத்து இறைத்தோம், மறுநாள் மறுபடி நிறைந்தது. பொங்கல் தாண்டித்தான் சுவர் முடிந்தது. அந்த மாதங்களில் நான் தினமும் யாரிடமாவது பேச்சு வாங்கினேன். பெண்கள் தினமும் அந்தத் தகட்டின் மேல் நடந்து ஆட்டோ பிடித்தார்கள். போகும்போது என்னைப் பார்த்தால் நின்று, "துன்னியா எம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மேடு எழும்பி, ஜல்லி கொட்டி, தண்டவாளம் வந்து சேர்ந்த பிறகு அவர்களுக்கு வேறு ஒரு கவலை வந்தது. ஒரு நாள் தெருவில் என்னை நிறுத்தி வீட்டுக்கார அம்மா கேட்டாள்:

"வண்டி எத்தினி நேரம் நிக்கும்?"

"நடுவுல இருக்கற ஸ்டேஷன்ல அரை நிமிஷம் நிக்கும். இங்க கடைசி ஸ்டேஷன், நிறைய நேரம் நிக்கும்."

"இங்க ஏறிக்குவோம். பொன்னேரில எறங்கறது?"

அதுதான் கேள்வி. நிறைந்த கூடைகளோடு அத்தனை பேர் அரை நிமிஷத்தில் இறங்க வேண்டும். கூடை வைக்கிற பெட்டி தனியாக இருக்கும் என்று சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. என் கணவரிடம் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது கோயில் முன்னால் ஒரே கூட்டம். அவர் சுண்ணாம்புப் பொடியால் தரையில் ரயில் பெட்டி ஒன்று வரைந்திருந்தார். வாசல் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே பெண்கள் தண்ணீர் நிரப்பிய அன்னக்கூடைகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். இவர் கையில் இருந்த போனில் நேரம் பார்த்துக்கொண்டு, "வண்டி நின்னுடுச்சு" என்றார். எல்லோரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தார்கள். நாற்காலி கவிழ்ந்தது, தண்ணீர் கொட்டியது. "வண்டி போயிடுச்சு" என்றார் இவர். பாதிப் பேர் இன்னும் பெட்டிக்குள் நின்றார்கள்.

"மீஞ்சூர்ல எறங்கி அங்கயே வித்துட்டு வாங்கடி" என்று திண்டாடி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள் வீட்டுக்கார அம்மா. சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

பிறகு அவளே ஒரு முறை கண்டுபிடித்தாள். முதலில் இரண்டு பேர் கூடை இல்லாமல் இறங்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கூடைகளைக் கை மாற்றிக் கை மாற்றி வாசலுக்குத் தள்ள வேண்டும். கடைசியில் ஆட்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பழகினார்கள். மூன்றாவது வாரம் என்னையும் பிடித்து உள்ளே நிற்க வைத்தார்கள். சும்மா ஏறிய பயணியாக நான் நடிக்க வேண்டும். நான் வழியை மறித்து நிற்கிறேன் என்று திட்டு வாங்கினேன். நிஜ ரயிலில் யாராவது அப்படித்தான் நிற்பார்கள் என்று அவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

முதல் ரயில் போன அன்று எனக்குப் பிளாட்பாரத்தில் ஆயிரம் வேலை. பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள், மாலைகள், மேளம். கூடைப் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று நான் சொல்லி வைத்திருந்த இடத்தில் அது நிற்கவில்லை. எதிர்க் கோடியில் போய் நின்றது. பெண்கள் கூடைகளோடு பிளாட்பாரம் முழுக்க ஓடினார்கள். என் கணவரும் ஒரு பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவரும் அவர்களோடு ஏறிப் போய்விட்டார். மத்தியான வண்டியில் கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு திரும்பி வந்தார்.

"பொன்னேரில எப்படி இறங்கினாங்க?" என்று கேட்டேன்.

"வண்டி ரொம்ப நேரம் நின்னுது. முதல் நாள் இல்லையா, அங்கயும் மாலை போட்டாங்க. பழகினதெல்லாம் வீண்னு அந்தம்மாவுக்கு ஒரே வருத்தம்."

மறுநாள் வண்டி அரை நிமிஷம்தான் நின்றதாம். எல்லோரும் கூடைகளோடு இறங்கிவிட்டார்களாம். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து எனக்கு அதை நடித்தே காட்டினாள்.

என் வேலை முடிந்தது. ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. நான் இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னபோது, "நீங்க வரணும்னு இல்ல. உங்களுக்கு இங்க பிடிச்சிருக்கு. இங்கயே இருக்கலாம். நான் மாசம் ஒரு தடவ வந்துட்டுப் போறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் முழுவதும் அவர் கரையில் இருந்தார். திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் நீல வர்ணம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு படகு பாக்கி இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன். நீ முன்னாடி போய் வீடு பாரு."

"சைட்லயே குவார்ட்டர்ஸ் தருவாங்க."

"வேணாம். ஊருக்குள்ள பாரு. மாடி வீடா இருந்தா நல்லது."

ஒரு மாதம் கழித்து வந்தார். ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருந்தேன். ஆள் கறுத்து, கொஞ்சம் இளைத்து, தாடியோடு இறங்கினார். பயணம் எப்படி இருந்தது என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் என்னைக் கேட்டார்:

"இந்த ஊர்ல மீன் எங்க கெடைக்கும், விசாரிச்சியா?"

விசாரிக்கவில்லை என்றேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் அவருக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தைகளில் பேச ஆரம்பித்தார்.